ஆசரிப்புக் கூடார மாடல்: வெண்கலத் தொட்டிக்கு அளவு என்ன?

பெரம்பூர்_சண்டேஸ்கூல்:
விபிஎஸ்ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆசரிப்புக் கூடாரம், அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தூக்கிச் சென்ற கூடார ஆலயம், மாடல் செய்கிறோம். ஒரு முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு. பிராகாரம் 100க்கு 50, கூடாரம் 30க்கு 10, பலிபீடம் 5க்கு 5, உயரம் 3. எல்லாம் தெர்மாகோலில் வெட்டியாச்சு. ஆசாரியர்கள் (பலி செலுத்தும் குருக்கள்) கை கால் கழுவும் வெண்கலத் தொட்டியில்தான் வேலை நிற்கிறது. வேதாகமத்தில் யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தை எத்தனை முறை புரட்டினாலும் அளவு கண்ணில் படவில்லை. கமிட்டியில் ஒரு அண்ணன், தொட்டிக்குக் கீழே 12 காளை வைத்தே ஆகணும் என்று களிமண்ணோடு உட்கார்ந்திருக்கிறார். வைக்கலாமா?

புரசை_தாத்தா:
காளைக்கு இங்கே வேலையே இல்லை அம்மா. அது சாலொமோன் ஆலயத்துக் கடல் தொட்டி, பிற்காலத்துச் சமாச்சாரம். கூடாரத்தில் இருந்தது தொட்டியும் அதன் பாதமும் மட்டும்தான்.

அளவு தேடி அலுத்துப்போகாதே, எழுதவே இல்லை. குத்துவிளக்குக்கும் நீள அகலம் கிடையாது, ஆனால் ஒரு தாலந்து பொன் என்று எடையாவது உண்டு. தொட்டிக்கு அதுவும் இல்லை. 38ஆம் அதிகாரத்தைப் பார். வாசலில் கூடிய பெண்கள் கொடுத்த கண்ணாடிகளால் செய்தது என்று இருக்கும். அன்றைக்குக் கண்ணாடி என்றால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிய வைத்த வெண்கலத் தகடு. வந்து சேர்ந்த கண்ணாடி எவ்வளவோ அவ்வளவுக்குத் தொட்டி அமைந்திருக்கும் என்பது என் ஊகம்.

இடத்தைத்தான் கவனமாக வை: பலிபீடத்துக்கும் கூடார வாசலுக்கும் நடுவே. ஆசாரியன் உடையில் செருப்பு கிடையாது. கையில் இரத்தமும் கொழுப்பும், காலில் சாம்பலும் புழுதியுமாக நிற்பவன் கழுவாமல் உள்ளே போனால் சாவான் என்று அடுத்தடுத்து இரண்டு தடவை எச்சரிக்கை. முழுக்குளியல் அபிஷேக நாளில். அன்றாடம் கை கால் மட்டும். எப்படிக் கழுவினார்கள் என்று யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது: வலது கையை வலது பாதத்தின் மேல் வைத்துச் சேர்த்துக் கழுவணும், அப்புறம் இடது. நின்றபடியே குனிந்து. என் மூட்டு ஒரு நாள்கூடத் தாங்காது! சாலொமோன் ஆலயம் அழிந்தபின் கட்டிய இரண்டாம் ஆலயத்தின் தொட்டிக்கு இரண்டே குழாய் இருந்ததாம். பென் காத்தீன் என்பவர் அதைப் பன்னிரண்டாக்கினார் என்று தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னாவில் வருகிறது.

ஓய்வுபெற்ற_சிவில்:
தாத்தா சொன்ன கடல் தொட்டியை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். விட்டம் 10 முழம், உயரம் 5. முழத்தை 45 செ.மீ. என்று வைத்தால் விட்டம் நாலரை மீட்டர். சுவர் செங்குத்தாக இருந்தாலும் சுமார் 35,800 லிட்டர்தான், அதாவது 9,000 லிட்டர் தண்ணீர் லாரி நாலு. 1 இராஜாக்கள் 2,000 குடம் என்கிறது, 2 நாளாகமம் 3,000 என்கிறது. குடம் 22 லிட்டர் என்றால் 2,000க்கே 44,000 ஆகிவிடும். குடம் சிறியதாக இருக்கணும், இல்லை தொட்டிக்கு வயிறு பெருத்திருக்கணும். எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது.

சாலொமோன் வரவழைத்த வெண்கலக் கைவினைஞன் ஈராம் இதை வார்த்தது எருசலேமில் இல்லை, யோர்தான் சமவெளியின் களிமண் தரையில். இத்தனை பெரியதை அங்கிருந்து மலைமேல் ஏற்றியதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்! ஆசாரியர் கழுவ இது. பலிக்கானவற்றை அலச, சக்கரம் வைத்த ஆதாரங்களில் தனியாகப் பத்துக் கொப்பரை. பிற்பாடு யூதாவின் ஆகாஸ் ராஜா காளைகளைக் கழற்றிவிட்டுத் தொட்டியைக் கல்தளத்தில் இறக்கினான். கடைசியில் பாபிலோன்காரர்கள் உடைத்து வெண்கலத்தை அள்ளிக்கொண்டு போனார்கள்.

பெரம்பூர்_சண்டேஸ்கூல்:
ரொம்ப நன்றி தாத்தா, நன்றி சார். அண்ணனிடம் சாலொமோன் ஆலயம் அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் தொங்கிவிட்டது. தொட்டிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் பித்தளைச் சொப்பு ஒன்று பார்த்திருக்கிறேன், வாய் அகலம் மூணு சென்டிமீட்டர் இருக்கும். உள்ளே நிஜத் தண்ணீர் ஊற்றலாமா?

புரசை_தாத்தா:
மூணு போதும், பலிபீடத்தை விடச் சின்னதாகத் தெரியும். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வை. தண்ணீர் வேண்டாம்மா, பிள்ளைகள் முதல் நாளே கவிழ்த்துவிடுவார்கள். நீலக் காகிதம் ஒட்டிவிடு.