ஜாக் பிராபமை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

யாராக்கரை

ஃபார்முலா 1 பந்தயத்தில் மூன்று முறை உலகச் சாம்பியன், தன் பெயர் தாங்கிய காரிலேயே பட்டம் வென்ற ஒரே ஓட்டுநர் என்பதெல்லாம் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1996 மார்ச், ஆல்பர்ட் பார்க். ஆஸ்திரேலியப் பந்தயம் அடிலெய்டிலிருந்து மெல்பர்னுக்கு வந்த வருடம். கூட்டம் முழுக்க வில்நவ் என்ற புதுப்பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு காட்சி ஓட்டத்துக்காகப் பச்சையும் தங்கமுமாக ஒரு சின்னக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். 1966இல் பிராபமுக்குப் பட்டம் வாங்கித்தந்த பி.டி.19. அதை ஓட்டியவர் பிராபமேதான், எழுபதுக்குச் சில வாரங்கள் குறைவு.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கேட்கத்தான் நன்றாக இருந்தது. முடித்து இறங்கிய பிறகு நடந்ததுதான் இன்னும் விடவில்லை. எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவர் பின்சக்கரத்தருகே குனிந்தார். தரையில் ஏதோ சொட்டியிருந்தது போலிருக்கிறது. விரலால் தொட்டார், மூக்கருகே கொண்டுபோனார், பிறகு விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையசைத்தார். சுற்றிலும் நாலைந்து மெக்கானிக்குகள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். சொட்டியது எண்ணெயா, பெட்ரோலா, தண்ணீரா? தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_பிஸ்டன்

நான் பிராபமைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காரின் எஞ்சினைக் கையால் தொட்டுச் செய்தவர் ஒருவர் ஃபுட்ஸ்கிரேயில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அந்த எஞ்சினைச் செய்த ரெப்கோ நிறுவனத்துக்கு மெய்ட்ஸ்டனில் இருந்த பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

ஒரு ஞாயிறு மாலை, "அந்த வி8 (இரண்டு வரிசையில் எட்டு சிலிண்டர்) எப்படி இருக்கும்?" என்று சும்மா கேட்டுவைத்தேன். எழுந்து போய்ச் சாக்குக்கட்டி எடுத்துவந்து, கார் நிறுத்தும் சிமென்ட் தரையில் மண்டியிட்டு வரைய ஆரம்பித்துவிட்டார். ஓல்ட்ஸ்மொபில் என்ற அமெரிக்க வீட்டுக் காரின் அலுமினிய பிளாக். அதற்கு வலுச் சேர்க்கக் கீழே ஒரு தட்டு. ஒவ்வொரு வரிசைக்கும் மேலே வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, செயின் ஓட்டம். வடிவமைத்தவர் ஃபில் இர்விங், வின்சென்ட் மோட்டார் சைக்கிள் எஞ்சின்களால் பெயர் பெற்றவர். சக்தி சுமார் 300 குதிரைத்திறன்தான், ஃபெராரியிடம் அதைவிட அதிகம் இருந்தது. ஆனால் இது எடை குறைவு, பெட்ரோல் கொஞ்சமாகக் குடிக்கும், கடைசிச் சுற்று வரை ஓடும் என்று சொல்லிக்கொண்டே வால்வு வரைக்கும் வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி கடையிலிருந்து காரோடு திரும்பினார். கிழவர் ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கி வழிவிட்டார். காரின் டயர் வி8இன் இடது வரிசை முழுவதையும் அழித்துக்கொண்டு உள்ளே போனது. நான் மறுபடி கேட்டும் அவர் வரையவில்லை.

காரைக்கால்_பாரீஸ்

சாம்பியன் முதலாளியானால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரெஞ்சு ஓட்டுநர் அலேன் புரோஸ்ட்டை யாரும் எழுதவில்லையே. நான்கு பட்டம், 51 வெற்றி. உங்கள் பிராபமுக்கு 14.

2001இல் பிரெஞ்சுப் பந்தயம் நடக்கும்போது மான்யி-கூர் போயிருந்தேன். பந்தயத்துக்கு முன்பு ரசிகர்களைப் பிட் பகுதியில் நடக்கவிட்டார்கள். புரோஸ்ட் தன் அணியின் கூடத்து வாசலில் நின்றிருந்தார். உள்ளே காரின் மூக்குப் பகுதியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பெரிய பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவருக்கு வழிவிடும் விருந்தாளி போல அவர் சட்டென்று ஒதுங்கினார். அந்தக் கூடமே அவருடையது. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஓட்டிய காலத்திலேயே அந்தப் பழக்கம் உண்டு, தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இத்தனை அருகில் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

லிஜியே என்ற பிரெஞ்சு அணியை 1997இல் வாங்கினார். முதல் வருடம் நன்றாகவே தொடங்கியது. கனடாவில் அவருடைய ஓட்டுநர் பனிஸின் கால்கள் முறிந்தன. ஆஸ்திரியாவில் இன்னொரு ஓட்டுநர் ட்ருல்லி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது எஞ்சின் போனது. பிறகு பெஜோ எஞ்சின். 2000ஆம் ஆண்டு முழுவதும் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த ஆண்டு ஆஸ்திரியாவில் அவருடைய இரண்டு கார்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. 2002 ஜனவரியில் கடையை மூடினார்கள். பிராபமின் காலத்தில் அணி என்றால் ஒரு பட்டறை, சில ஆட்கள். புரோஸ்ட்டுக்கு நூற்றுக்கணக்கானவர்களின் சம்பளம், விளம்பரதாரரின் தயவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

லூயிஷம்வாசி

காரைக்கால் நண்பரே, தராசில் வைத்தது நீங்கள்தான். 51க்கு எதிராக 14 என்று எழுதியது யார்?

பிராபம் பட்டறை வைத்தார் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். விஷயமே அதுதான். அவரும் வடிவமைப்பாளர் ரான் டாரனாக்கும் சேர்ந்து கார் செய்து விற்றார்கள். ஃபார்முலா ஜூனியர், ஃபார்முலா 2, ஃபார்முலா 3 என்று காசு கொடுத்தவருக்கெல்லாம் விற்றார்கள். 1970க்குள் ஐந்நூறுக்கும் மேல். விற்ற பணத்தில் பந்தயம் ஓட்டினார். விளம்பரதாரர் கைவிட்டால் மூடவேண்டிய கடை அல்ல அது.

அடுத்தது ஹல்ம், பிராபம் அணியின் இன்னொரு ஓட்டுநர். 1967இல் புதிய பாகம் எது வந்தாலும் பிராபம் முதலில் தன் காரில் மாட்டிப் பார்த்தார். சில உடைந்தன. பழைய, நம்பகமான பாகங்களோடு ஓடிய டென்னி ஹல்ம் 51 புள்ளி, முதலாளி 46. சம்பளம் வாங்குகிறவர் சாம்பியன், கொடுக்கிறவர் இரண்டாமிடம். அதற்கு மேல் அடுத்த வருடமே ஹல்ம் மெக்லாரன் அணிக்குப் போய்விட்டார்! இப்படி ஒரு முதலாளியை நான் கேள்விப்பட்டதில்லை.

என் கதை சின்னது. 2004 செப்டம்பர், இங்கிலாந்தில் பழைய பந்தயக் கார்கள் ஓடும் குட்வுட். அதே பி.டி.19. பிராபமுக்கு 78 வயது. காரிலிருந்து வெளியே வரும்போது உதவ ஒருவர் கை நீட்டினார். பிராபம் அந்தக் கையில் தன் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ளங்கையை ஊன்றித் தானாகவே எழுந்து வந்தார். கை நீட்டியவர் ஹெல்மெட்டோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நடுவர்_பெவிலியன்

எல்லாரும் உருகுகிறீர்கள். 1966 பட்டத்தில் அதிர்ஷ்டம் எவ்வளவு என்று ஒருவராவது சொல்லுங்கள். அந்த ஆண்டு விதிப்படி அனுமதித்த எஞ்சின் அளவு ஒன்றரை லிட்டரிலிருந்து மூன்று லிட்டராக உயர்ந்தது. லோட்டஸ் அணியிடம் சரியான எஞ்சின் இல்லை. ஃபெராரியை விட்டு அதன் ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸ் பாதியில் வெளியேறினார். எதிரே ஆளில்லாத மைதானத்தில் கோல் போட்டார்.

(நேரில் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.)

பழைய_பிஸ்டன்

விதி மாறப்போவது எல்லாருக்கும் முன்பே தெரியும். தேர்வுத் தேதி அறிவித்த பிறகு படித்தவனை அதிர்ஷ்டக்காரன் என்பீர்களா? அந்தக் காரின் சட்டகம்கூட வேறொரு எஞ்சினுக்காகச் செய்தது. கோவன்ட்ரி கிளைமாக்ஸ் என்ற எஞ்சின் நிறுவனத்தின் 16 சிலிண்டர் எஞ்சின் பந்தயத்துக்கு வரவே இல்லை. சும்மா கிடந்த சட்டகத்தில் ரெப்கோவைப் பொருத்தினார்கள். ரீம்ஸ், பிராண்ட்ஸ் ஹாட்ச், சான்ட்வோர்ட், நூர்பர்க்ரிங் என்று வரிசையாக நான்கு வெற்றி. நூர்பர்க்ரிங்கில் மழை வேறு. சர்ட்டீஸும் அங்கே கூப்பர் காரில் ஓடிக்கொண்டுதான் இருந்தார். ஆளில்லாத மைதானமாம்.

சிட்னி_மேற்கு

சிட்னியில் ஒரு பழைய கார் கண்காட்சியில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன். நான் கேட்டது அவர் காதில் விழவில்லை, இருந்தாலும் புன்னகைத்துப் போட்டுக்கொடுத்தார். அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தத் தலைமுறை ஓட்டுநர்களுக்குக் காது போனது சும்மா இல்லை. வருடக்கணக்கில் காதுக்குப் பாதுகாப்பில்லாமல் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய கார்கள் ஓடும் நிகழ்ச்சிக்குக் குழந்தைகளை அழைத்துப்போனால் பஞ்சு வைத்து ஏமாற்றாதீர்கள், பஞ்சு சத்தத்தைப் போதுமான அளவு தடுக்காது. நுரை அடைப்பானை விரலால் நன்றாக உருட்டி மெல்லியதாக்குங்கள். மற்றொரு கையால் காதின் மேல்பகுதியைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரிகிற வரை அழுத்திப் பிடியுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அடைப்பான் வேண்டாம், தலையில் மாட்டும் வகைதான் சரி. புகைக்குழாய்க்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் குழாயைத் தொடவிடாதீர்கள், என் அக்கா மகன் கைக்கு இரண்டு வாரம் மருந்து போட்டோம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கையெழுத்துக்கு மை அழியாத பேனாவை நீங்களே கொண்டுபோங்கள். வாங்கிய தாளை வெயில் படும் சுவரில் மாட்டினால் சில வருடங்களில் மங்கிவிடும். இரும்பு அலமாரியில் வைப்பது நல்லது, கரையான் தொல்லையும் இராது.

யாராக்கரை

ஐயா, கரையான் வரைக்கும் போய்விட்டீர்கள். நான் கேட்டது தரையில் என்ன சொட்டியது என்று.

ஹார்லெம்_தம்பி

அண்ணன்மாரே, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹாலந்தில் குடியேறியவன். சான்ட்வோர்ட் எனக்குப் பக்கத்து ஊர், மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கிற களம்.

1966இல் அங்கே நடந்த கூத்து தெரியும்தானே. நாற்பது வயதாகிவிட்டது, இனி முடியாது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதியதால் பிராபம் பொய்த் தாடி ஒட்டிக்கொண்டு, தடியை ஊன்றி, முதுகு வளைத்து நொண்டிக்கொண்டே காருக்கு வந்தார். பிறகு ஏறி ஓட்டிப் பந்தயத்தை வென்றார்.

கடற்கரைத் தேநீர்க் கடை ஒன்றில் இதை நேரில் பார்த்த முதியவர் ஒருவர் எனக்கு அகப்பட்டார். அப்போது சிறுவனாம். சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து நடித்தே காட்டினார். என் குடையை வாங்கி ஊன்றி, கழுத்துத் துணியைத் தாடையில் சுற்றிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே நொண்டி நடந்தார். தட்டோடு வந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஊன்றியது கைத்தடி என்று அவர் சொல்ல, இல்லை, காரைத் தூக்குகிற ஜாக்கியின் கைப்பிடி என்று மனைவி சொல்ல, இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது. அந்த அம்மா அன்று அங்கே இருக்கவே இல்லையாம், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிராபம் நொண்டி வந்த அந்தக் காட்சியின் படம் யாரிடமாவது தெளிவாக இருந்தால் இங்கே போடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த அம்மாவிடம் காட்டவேண்டும்.