ஸ்டைன்பெக்கை நம் மலையில் எப்படி வாசிக்கிறீர்கள்?

பந்தலூர் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். போன கூட்டத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை எடுத்தோம். நிலத்தைப் பறிகொடுத்து, ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகிற ஜோட் குடும்பத்தின் கதை. பேச்சு சண்டையில் முடிந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இந்த மனிதரை நான் ஏன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பாயி 1971இல் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒருவர். தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் இந்த நீலகிரி மலை. லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்யும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று மூன்று நாள் தூங்கவில்லையாம். அம்மியைத் தூக்க முடியாது. குழவியை மட்டும் பழைய சேலையில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இங்கே வாங்கிய அம்மிக்கு அது சேரவே இல்லை. இது அகலம் குறைவு, அது நீளம். இன்றைக்கும் எங்கள் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்தக் குழவியைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

நாவலின் பத்தாம் அத்தியாயத்தில், விடிவதற்குள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த வீட்டு அம்மா, மா ஜோட், தனியாக உட்கார்ந்து ஒரு பழைய பெட்டியைத் திறக்கிறாள். கடிதங்கள், பத்திரிகைத் துண்டுகள், போட்டோக்கள். கம்மல், மோதிரம் மாதிரியான பொடிச் சாமான்களை மட்டும் ஒரு உறையில் போட்டுக்கொள்கிறாள். மிச்சத்தைப் பெட்டியோடு அடுப்புத் தணலில் வைத்துவிடுகிறாள். வீசவில்லை, பதமாக வைக்கிறாள். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்ப் பின்கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன்.

கலிபோர்னியாவுக்குப் பிழைக்க வந்தவர்களை ‘ஓக்கி’ என்கிறார்கள். ஓக்லஹோமாக்காரன் என்ற சொல்தான், ஆனால் அங்கே அது வசவு. நான் பிறந்தது இந்த மலையில். பள்ளியில் எனக்குப் பேர் ‘சிலோன்’.

கூட்டத்தில் வந்த குற்றச்சாட்டுகள் இவை. வசதியாக இருந்துகொண்டு ஏழைகளைப் பார்த்து இரக்கப்பட்டு எழுதியவர். சனோரா பாப் என்ற பெண் அகதி முகாம்களில் எடுத்த குறிப்புகள், முகாம் நிர்வாகி டாம் காலின்ஸ் வழியாக இவர் கைக்குப் போயின. இவர் புத்தகம் 1939இல் வந்து சக்கைப்போடு போட்டதும், அந்தப் பெண்ணின் நாவலைப் பதிப்பகம் கைவிட்டுவிட்டது. அது அச்சேறியது 2004இல். இது உண்மை, இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாராவது இவரை வாசித்துவிட்டு வெறுத்திருக்கிறீர்களா? ஏன்?

குன்னூர் ஓய்வு ஆசிரியர்:

வெறுக்கவில்லை அம்மா, ஆனால் பெரிய எழுத்தாளர் என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்திவிட்டு, ஒரு அத்தியாயம் முழுக்க மேடை ஏறிவிடுகிறார். மூன்றாம் அத்தியாயத்தில் ஆமை சாலையைக் கடக்கிறதே, அது மட்டும் விதிவிலக்கு. அதைப் பத்து முறை வாசித்திருப்பேன். 1962இல் நோபல் அறிவித்தபோது, நீங்கள் அதற்குத் தகுதியானவர்தானா என்று கேட்ட நிருபரிடம் இல்லை என்றுதான் அவரே சொன்னார். அவருடைய ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ வாசித்துப் பாருங்கள், 1937இல் வெளிவந்தது. சின்னப் புத்தகம், அதில் பிரசங்கம் கிடையாது.

இன்னொன்று. பஞ்சம் பிழைக்கப் போனவர்களுக்காக அழுத அதே மனிதர், 1966 கடைசியில் வியட்நாமுக்குப் போய், அமெரிக்க ஹெலிகாப்டர் விமானிகளைப் புகழ்ந்து பத்திரிகைக்கு எழுதினார். அதை வாசித்த பிறகு பழைய புத்தகங்களை எடுத்தாலும் அந்தக் குரல் காதில் விழுகிறது. என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கோத்தகிரி சிறு விவசாயி:

சார், நீங்கள் பிரசங்கம் என்கிற 25ஆம் அத்தியாயத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். விலை விழுந்துவிடக் கூடாது என்று ஆரஞ்சைக் குவித்து அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். உருளைக்கிழங்கை ஆற்றில் கொட்டிவிட்டு, பசித்தவன் எடுக்காமல் இருக்கக் கரையில் காவல் போடுகிறார்கள்.

எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஒரு சீசனில் கொழுந்து எக்கச்சக்கமாக வந்து, வழக்கமாகக் கொடுக்கிற இடத்தில் ‘இன்றைக்குப் போதும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாக்கில் கட்டிய கொழுந்து காத்திருக்காது. ராத்திரி கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே சோற்றுப்பானை மாதிரி சூடு. காலையில் அவிழ்த்தால் சிவந்து போயிருந்தது. பறித்தவர்களுக்குக் கூலியைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, கொழுந்தை நானும் என் வீட்டுக்காரியும் ஓடையோரம் கொட்டினோம். அன்றைக்கு யாராவது மேடை ஏறிப் பேசியிருந்தால் நான் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ புத்தகத்தை கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டி நூலகங்களில் 1939 ஆகஸ்டில் தடை செய்தார்கள். பெரிய பண்ணையாட்கள் கூடி நின்று, ஒரு விவசாயக் கூலியின் கையாலேயே அதைக் கொளுத்த வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கொளுத்தியவர் அதை அதுவரை வாசித்ததில்லை. அங்கே நூலகராக இருந்த கிரெட்சன் நீஃப் என்ற பெண் தடை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அவர்களுக்கு அது பிரசங்கமாக மட்டும் பட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

கூடலூரிலிருந்து:

அக்கா, என் சிக்கல் வேறு. அந்தக் கலிபோர்னியா வயல்களில் இந்த ஓக்கிகளுக்கு முன்னாலேயே மெக்ஸிகோக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் வேலை செய்தார்கள். நாவலில் அவர்கள் முகமே இல்லை. 1936இல் சான் பிரான்சிஸ்கோ நியூஸில் எழுதிய தொடரில், வெளிநாட்டுத் தொழிலாளர் பட்டதை இந்த அமெரிக்கர்கள் பட மாட்டார்கள் என்கிற தொனியிலேயே பேசுகிறார். துயரத்திலும் ஒரு வரிசை வைத்துவிட்டார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பாயி வந்து இறங்கிய காடு காலியாக இல்லை. பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடியினர் இருந்தார்கள். நான் பணியர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவன். நம் தோட்டக் கதைகளில் அவர்கள் எங்கே?

பந்தலூர் வாசகி:

தம்பி, கோபம் இல்லை. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டைன்பெக்குக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் நிலத்தைப் பறிகொடுக்கிற குத்தகைக்காரர்களே சொல்கிறார்கள், எங்கள் தாத்தா செவ்விந்தியர்களைக் கொன்று துரத்தித்தான் இந்த நிலத்தைப் பிடித்தார் என்று. கலிபோர்னியா மெக்ஸிகோக்காரர்களிடமிருந்து பிடுங்கியது என்று 19ஆம் அத்தியாயத்தில் எழுதுகிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சில வரிகளில் கடந்து, ஜோட் குடும்பத்தின் லாரிக்குத் திரும்பிவிடுகிறார். போன தடவை வாசித்தபோது நானும் அவரோடு சேர்ந்தே கடந்துவிட்டேன்.

நேற்று அப்பாவிடம் கேட்டேன், நாம் வந்தபோது இங்கே யார் இருந்தார்கள் என்று. யோசித்துச் சொன்னார். முதல் மழைக்காலம், லயத்தில் ஒழுகாத இடமில்லை, விறகெல்லாம் நனைந்துவிட்டது. மேட்டிலிருந்து ஒரு பணியப் பெண் இறங்கிவந்து, மழையிலும் பற்றுகிற விறகு எது என்று காட்டிக்கொடுத்தாளாம், தின்னக்கூடிய கீரையையும் காட்டினாளாம். அப்பாயி அவளுக்கு இலங்கையிலிருந்து கொண்டுவந்த தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் பேர் என்ன என்று கேட்டேன். “அதை யாரும் கேட்டுக்கலையே” என்றார் அப்பா.

ஆசிரியர் ஐயா, ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ கண்டிப்பாக வாசிக்கிறேன். கோத்தகிரி அண்ணா, நீங்கள் கையை விட்டுப் பார்த்த அந்தச் சூடு என் உள்ளங்கையிலேயே இருக்கிறது. சனோரா பாப்பின் நாவல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். தம்பி, நீங்களும் வாருங்கள். ஞாயிறு காலை பத்து மணி.