தங்கச்சிக்கு மதுரையில் பிஎஸ்சி: ரேங்க் உள்ள கல்லூரியா, எய்டட் சீட்டா?

கேட்டவர்: உசிலை அண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. தங்கச்சி ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான், இந்த வருஷம் பிளஸ் டூ முடித்து 600க்கு 523 எடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். நான் ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்கு வந்தவன், அதனால் இந்த அட்மிஷன் விஷயமெல்லாம் எனக்கும் புதுசு.

அவளுக்கு இயற்பியல் பிடிக்கும். மதுரைக்குள் 3 கல்லூரிக்குப் போட்டோம், அரசுக் கல்லூரிக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்திருக்கிறோம். இப்போது இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று என்ஐஆர்எஃப் பட்டியலில் (மத்தியக் கல்வி அமைச்சகம் வருஷா வருஷம் போடும் தரவரிசை) முதல் 100க்குள் வந்த கல்லூரி, அங்கே இயற்பியல் கிடைக்கவில்லை, செல்ஃப் ஃபைனான்ஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறோம் என்கிறார்கள். இன்னொன்று பழைய கல்லூரி, ஆனால் பட்டியலில் பெயரே இல்லை. அங்கே எய்டட் பிரிவிலேயே இயற்பியல் கிடைத்திருக்கிறது. இரண்டு பேருமே வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள், அரசுக் கல்லூரி கவுன்சிலிங் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

மாமா ஃபோனில் அந்தப் பட்டியலைக் காட்டி, ரேங்க் உள்ள இடத்தை விட்டால் பிற்பாடு வருத்தப்படுவீர்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா அவர் பேச்சைத் தட்டமாட்டார். தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், அதைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த ரேங்க்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: செக்கானூரணி அக்கா

தம்பி, நானும் அந்தப் பக்கத்திலிருந்து அரசரடி வழியாகத் தினமும் பஸ்ஸில் வந்து படித்தவள்தான், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் எய்டட், செல்ஃப் வித்தியாசத்தை வீட்டில் புரிய வையுங்கள். ஒரே கேட், ஒரே பெயர்ப்பலகை, ஆனால் உள்ளே இரண்டு கணக்கு. எய்டட் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் கட்டணம் குறைவு. செல்ஃப் பிரிவில் ஆசிரியர் சம்பளம் பிள்ளைகள் கட்டும் பணத்திலிருந்துதான் வரவேண்டும், கட்டணம் பல மடங்கு ஆகிவிடும். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் செமஸ்டர் தொகையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

இன்னொன்று, சில கல்லூரிகளில் செல்ஃப் வகுப்புகள் மதியத்துக்கு மேல் ஆரம்பித்துச் சாயங்காலம் முடியும். வகுப்பு விட்டு ஆரப்பாளையம் வந்து பஸ் பிடித்து, உசிலம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து ஊருக்கு இன்னொரு பஸ் என்றால் அவள் எத்தனை மணிக்கு வீடு சேருவாள் என்று யோசியுங்கள். எங்கள் செட்டில் ஒரு பெண் இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாம் வருஷம் நின்றுபோனாள். நன்றாகப் படிக்கிற பெண். இன்றைக்கும் நினைத்தால் மனசு கேட்காது.

அப்புறம் முக்கியமான விஷயம், தங்கச்சியிடம் தனியாகக் கேளுங்கள். மாமா இல்லாத நேரத்தில்.

பதில் 2: நாகமலை வாத்தியார்

கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன், எங்கள் கல்லூரியில் என்ஐஆர்எஃப்புக்கான தகவல்களைத் திரட்டும் குழுவிலும் சில வருஷம் இருந்தேன்.

பட்டியல் 2016இலிருந்து வருகிறது. 5 தலைப்பில் மதிப்பெண் போடுகிறார்கள்: கற்பித்தலும் அதற்கான வசதிகளும், ஆராய்ச்சி, படித்து முடித்தவர்களின் நிலை, பெண்கள், ஏழைகள், வெளிமாநிலத்தவர் என்று எல்லாத் தரப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களா என்பது, கடைசியாகக் கல்லூரியைப் பற்றி வெளியே இருக்கும் பேராசிரியர்களும் வேலை கொடுப்பவர்களும் வைத்திருக்கும் அபிப்பிராயம். இது முழுக் கல்லூரிக்கும் சேர்த்துப் போடும் மதிப்பெண். உங்கள் தங்கை உட்காரப்போகிற வகுப்புக்கு யாரும் ரேங்க் போடவில்லை. வேதியியல் துறையில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிந்தால் அந்த மதிப்பெண் கல்லூரிக்கு ஏறும், செல்ஃப் கம்ப்யூட்டர் சயின்ஸில் வருஷா வருஷம் ஆசிரியர் மாறிக்கொண்டே இருந்தாலும் அது அந்த எண்ணில் தெரியாது. விண்ணப்பிக்காத கல்லூரியின் பெயரும் பட்டியலில் வராது. ஆகவே பெயர் இல்லை என்பதாலேயே மோசம் என்று நினைக்க வேண்டாம்.

அதற்காகப் பட்டியல் வீண் என்று சொல்லவில்லை. ரேங்க்கைவிடப் பெரிய பயன் அதில் ஒன்று இருக்கிறது, பெற்றோர் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. கல்லூரி கொடுத்த தகவல் முழுவதையும் தன் இணையதளத்திலேயே பிடிஎஃப்பாகப் போட வேண்டும் என்பது விதி. அதில் எத்தனை பேர் முதலாண்டு சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் 3 வருஷத்துக்குள் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் எல்லாம் இருக்கும். சம்பளத்துக்கும் ஒரு கட்டம் உண்டு, அது சராசரி இல்லை, வேலைக்குப் போனவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. விளம்பரத் தட்டியில் ஒரே ஒரு மாணவரின் சம்பளத்தைப் பெரிதாகப் போடுவார்கள், இது அப்படியல்ல. சேர்ந்தவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் நின்று யோசியுங்கள்.

ஆனால் இந்தத் தகவலைக் கொடுப்பது கல்லூரியேதான் என்பதும் நினைவிருக்கட்டும். இதைச் சரிபார்க்கும் முறை போதாது என்று ஒருவர் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் நம் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம்தான் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை கொடுத்தது. அப்புறம் தடை நீங்கி செப்டம்பரில் பட்டியல் வந்தது.

கல்லூரிகளைச் சோதித்துத் தரம் கொடுக்கும் நாக் அமைப்பின் தகுதி வேறு, அதையும் பாருங்கள். ஏ ப்ளஸ் ப்ளஸ் என்று போட்டிருந்தால் எந்த வருஷம் வாங்கியது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள்.

இயற்பியல் பிடித்த பிள்ளைக்கு எய்டட் இயற்பியல் கிடைத்திருக்கிறது என்றால் நான் அதை விடமாட்டேன். பிஎஸ்சி முடித்துவிட்டு ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்எஸ்சி படிக்கலாம், இங்கேயே காமராசர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் புலம் இருக்கிறது, பிஎட் போகலாம். நேரில் போகும்போது துறைக்குள் நுழைந்து ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் யாராவது நிற்பார்கள், ப்ராக்டிகல் வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று அவர்களிடம் கேட்டால் போதும்.

பதில் 3: மேலூர்க்காரர்

மேலே இருப்பவர்கள் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். போன வருஷம் என் மகளுக்கு இதே அவசரம். ஒரு கல்லூரியில் பணத்தைக் கட்டி ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் எல்லாம் கொடுத்துவிட்டோம், 10 நாளில் வேறு இடத்தில் அவள் கேட்ட பாடம் கிடைத்தது. திரும்பப் போய்க் கேட்டால் 3 வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் சர்டிஃபிகேட் தருவோம் என்று நிற்கவைத்துப் பேசினார்கள். நாலு நடை நடந்தேன். கடைசியில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்த பிறகுதான் கைக்கு வந்தது.

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது, ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. பணத்துக்கும் கணக்கு உண்டு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி முழுவதும் தரவேண்டும். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். நாள் போகப் போக இது குறைந்துகொண்டே வந்து, கடைசித் தேதி முடிந்து 30 நாள் கழிந்தால் ஒன்றுமில்லை. அதனால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கடைசித் தேதி என்ன என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரி கவுன்சிலிங்கையும் விட்டுவிடாதீர்கள். அங்கே மொழிப்பாடம் போக மீதி 4 பாட மார்க்கைத்தான் கூட்டுவார்கள், 400க்கு. முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள் போன்ற சிறப்புப் பிரிவு முடித்துவிட்டு அப்புறம் பொதுப் பிரிவைக் கூப்பிடுவார்கள். கோரிப்பாளையத்தில் இருக்கிற மீனாட்சி பெண்கள் கல்லூரி 1965இலிருந்து நடக்கிறது, அங்கே கிடைத்தாலும் நல்லதுதான்.

உசிலை அண்ணன்

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அந்த ரேங்க் கல்லூரியின் பிடிஎஃப்பைத் தேடி எடுத்து தங்கச்சியும் நானும் சேர்ந்து பார்த்தோம். வேலை கிடைத்தவர்கள் எண்ணிக்கை நாங்கள் நினைத்த அளவுக்கு இல்லை, ஆனால் மேல்படிப்புக்கு நிறையப் பேர் போயிருக்கிறார்கள். துறைவாரியாகப் பிரித்துப் போடவில்லை, மொத்தமாகத்தான் இருக்கிறது. செல்ஃப் பிரிவுக்கு வகுப்பு நேரம் ஃபோன் போட்டுக் கேட்டோம், மதியம் ஒன்றரைக்கு ஆரம்பம் என்றார்கள். அதைச் சொன்னதும் அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார்.

அக்கா சொன்னபடி தனியாகக் கேட்டேன். "பிசிக்ஸ்தான் படிக்கணும்னு பத்தாவதுலேயே நினைச்சுட்டேன், நீங்க பணத்துக்குக் கஷ்டப்படுவீங்கன்னுதான் பேசலை" என்றாள். எய்டட் என்றால் கட்டணம் குறைவு என்பதே அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம், லேபையும் பார்த்துவிட்டுத்தான் கட்டுவோம். மாமாவுக்கு நான் பேசிக்கொள்கிறேன்.

செக்கானூரணி அக்கா

படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், டி.சி. எல்லாவற்றிலும் ஐந்தைந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபோட்டோவும் கூடவே. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடிகிற வரை மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு வரும், அதற்கு அவள் பெயரிலேயே ஆதார் இணைத்த பேங்க் கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் உசிலம்பட்டியிலேயே இந்த வாரம் திறந்துவிடுங்கள். அரசரடி பக்கம் காலையில் டிராஃபிக் இருக்கும், எட்டு மணிக்குள் தாண்டிவிடுங்கள்.