அப்பாவின் மூச்சு மெசின்: மாஸ்க்கால் காற்று போகிறது, அழுத்தம் கூட்டுவது எப்படி? (அவசரம்)

கல்லாறு_மகன் | இரவு 1.48
அவசரமாக எழுதுகிறேன். அப்பா ராவைக்குப் போடுகிற மெசினில் மாஸ்க்கின் ஓரத்தால் காற்று சீறுகிறது. இரண்டு மணியானால் கழற்றி எறிந்துவிடுகிறார். காலையில் ஒரே தலையிடி, பத்து மணி வரைக்கும் தூங்கி வழிகிறார். அழுத்தம் காணாது போல. கூட்டுகிற மெனு பூட்டிக் கிடக்கிறது. எந்த பட்டனை அமத்தினால் திறக்கும்?

வயல்காற்று | காலை 5.20
தம்பி, என்ன மெசின்? ஒரே அழுத்தத்தில் ஓடுகிற சீபாப்பா, இழுக்க ஒன்று விட ஒன்று என்று இரண்டு அழுத்தம் உள்ள பைபாப்பா? மாஸ்க் மூக்குக்கு மட்டுமா, வாயையும் மூடுமா? அப்பாவுக்கு என்ன வருத்தம்? ஒன்றையும் சொல்லாமல் பட்டனை மட்டும் கேட்கிறீர்கள்.

பற்றரிக்காரன் | காலை 6.05
வோல்டேஜ் தான். அக்கரைப்பற்றில் எங்கள் பக்கம் இரவில் லைற் மங்கி மங்கி எரியும். மெசினும் அப்படித்தான் திணறும். நல்ல இன்வெர்ட்டர் ஒன்று போட்டுப் பாருங்கள்.

மூத்தவன் | காலை 6.31
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது. தேடிப் பார்க்கிற பழக்கமே ஒருவருக்கும் இல்லை. காற்று போனால் வாரை இறுக்க வேண்டும். இதற்கு ஒரு இழையா?

ஓய்வுநேர்ஸ் | காலை 6.50
இறுக்க வேண்டாம். இறுக்க இறுக்க மாஸ்க்கின் சிலிக்கன் மடிந்து இன்னும் கசியும், மூக்குத் தண்டும் புண்ணாகும். வாருக்குக் கீழே இரண்டு விரல் போகவேண்டும். மகன், கேட்ட விபரங்களைச் சொல்லுங்கள். தலையிடி எப்போதிருந்து? அதையும் சொல்லுங்கள்.

கல்லாறு_மகன் | காலை 9.12
மன்னிக்கவும், வேலைக்கு வந்துவிட்டேன். பைபாப். அப்பாவுக்கு 68 வயது, பீடி குடித்துக் குடித்து வந்த சுவாசப்பை வருத்தம். வாயும் மூக்கும் மூடுகிற மாஸ்க். தாளில் இழுக்கும்போது 16, விடும்போது 6 என்று இருக்கிறது. ஒட்சிசன் மெசினும் குழாயில் கொழுவி 2 லீற்றரில் ஓடுகிறது. காற்று போவது மூன்று கிழமையாக. தலையிடி ஐந்து நாள்தான். மாஸ்க்கின் படத்தை இதில் போட்டிருக்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால் இந்த ஐந்து நாளும் மெசின் காட்டுகிற கசிவு குறைந்துதான் இருக்கிறது.

வயல்காற்று | காலை 9.30
அப்ப ஒட்சிசனை 4 ஆக்கிப் பாருங்கள். என் மாமாவுக்கு அப்படித்தான் தெம்பு வந்தது.

ஓய்வுநேர்ஸ் | காலை 9.41
தயவுசெய்து வேண்டாம்! பீடி வருத்தக்காரருக்கு ஒட்சிசனைக் கூட்டினால் காபனீரொட்சைட்டு உடம்பில் இன்னும் தேங்கும். விரலில் மாட்டுகிற கருவியில் ஒட்சிசன் அளவு 88 முதல் 92 வரை இருந்தால் இப்படிப்பட்டவர்களுக்குப் போதும், 98 காட்டவேண்டும் என்று ஆசைப்படக்கூடாது. காலைத் தலையிடியும் தூக்க மயக்கமும் அந்த வாயு தேங்குவதன் அடையாளம்.
16க்கும் 6க்கும் இடையில் உள்ள அந்த 10 தான் நெஞ்சை நிரப்பி வாயுவை வெளியே தள்ளுவது. மெனுவைத் திறந்து கீழ் எண்ணை மட்டும் கூட்டினீர்கள் என்றால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். பூட்டி வைத்திருப்பது அதற்காகத்தான்.
இன்னொன்று. படத்தில் மாஸ்க்கின் முன்பக்கம், குழாய் சேருகிற முழங்கையில் வெள்ளையாக என்ன அது? பிளாஸ்டரா?

பற்றரிக்காரன் | காலை 10.02
வோல்ட் அளந்தீர்களா என்று இன்னும் சொல்லவில்லை.

மூத்தவன் | காலை 10.15
அப்பா பல்செட் போடுகிறவரா? கழற்றினால் கன்னம் ஒட்டிவிடும், மாஸ்க் பொருந்தாது. முகத்தில் எண்ணெய் பூசினாலும் வழுக்கும். இதெல்லாம் அடிப்படை.

(மூத்தவன் ஒரு வருடத்தில் சொன்ன முதல் உருப்படியான விசயம், குறித்து வைக்கிறேன். – வயல்காற்று)

கல்லாறு_மகன் | பகல் 12.40
அம்மாவிடம் போனில் கேட்டேன். ஓம், பிளாஸ்டர்தான். அதிலே சின்னச் சின்ன ஓட்டைகளால் காற்று சீறி அம்மாவின் முகத்தில் அடிக்கிறதாம். மாஸ்க் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் போன கிழமை ஒட்டிவிட்டார். பல்செட்டும் உண்டு, இரவில் கழற்றித்தான் வைப்பார்.

ஓய்வுநேர்ஸ் | பகல் 12.44
இப்போதே உரித்து எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஓட்டைகள் பழுது இல்லை, வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். ஒற்றைக் குழாய் மெசினில் அப்பா விட்ட மூச்சு வெளியேற வேறு வழி கிடையாது. அடைத்தால் விட்டதையே திரும்ப இழுப்பார். கசிவு குறைந்ததும் தலையிடி வந்ததும் ஒரே பிளாஸ்டரால்தான். காற்று அம்மாவின் பக்கம் அடித்தால் கட்டிலில் இடம் மாறிப் படுக்கட்டும்.
ஆனால் உரித்ததோடு விடாதீர்கள். ஐந்து நாளாக வாயு தேங்கியிருக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் வாயு அளவு பார்க்க வேண்டும். எழுப்ப எழும்பாவிட்டால், பேச்சுத் தடுமாறினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள். பல்செட், மாஸ்க்கின் அளவு இரண்டையும் கிளினிக்கில் சொல்லுங்கள். மாஸ்க்கையும் கையோடு கொண்டு போங்கள்.

வயல்காற்று | பகல் 1.10
நான் ஒட்சிசன் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். சரி, காற்றை ஈரமாக்குகிற மெசினின் ஈரப்பதன் தொட்டிக்கு எல்லோரும் என்ன தண்ணீர் விடுகிறீர்கள்? நான் பற்றரிக் கடையில் வாங்குகிறேன்.

பற்றரிக்காரன் | பகல் 1.22
அது என் கடைச் சாமான், நானே சொல்கிறேன், விடாதீர்கள். அது காருக்கு. மூச்சில் போகிறதற்கு இல்லை.

சவர்க்கிணறு | பகல் 1.40
கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி விட்டால் போதுமே. காத்தான்குடியில் நாங்கள் இரண்டு வருடமாக அப்படித்தான்.

மூத்தவன் | பகல் 1.52
கொதித்தால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? உங்கள் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், பாருங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் பாமசியில் கேட்டால் கிடைக்கும்.

சவர்க்கிணறு | பகல் 2.05
படிந்தால் வினாகிரி விட்டுக் கழுவுகிறேன். ஒரு போத்தல் என்ன விலை தெரியுமா உங்களுக்கு? கொழும்பில் இருந்துகொண்டு சொல்லலாம்.

மூத்தவன் | பகல் 2.09
நான் களுவாஞ்சிக்குடியில்தான் இருக்கிறேன்.

ஓய்வுநேர்ஸ் | இரவு 8.30
மகன், போனீர்களா?

கல்லாறு_மகன் | மூன்றாம் நாள், இரவு 9.55
அன்றைக்குப் பின்னேரமே கூட்டிப் போனோம். வாயு கூடத்தான் இருந்ததாம், வார்ட்டில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எண்களை மாற்றவில்லை. சின்ன அளவு மாஸ்க் தந்தார்கள். நேற்று ராவு கழற்றவில்லை, காலையில் தானே எழும்பித் தேத்தண்ணீர் கேட்டார். அம்மா இப்போது சாக்குக் கட்டிலில். நேர்ஸ் அக்கா, மிச்சம் நன்றி.

பற்றரிக்காரன் | இரவு 10.03
சந்தோசம் தம்பி. கரண்ட் போனால் மெசினுக்கு என்ன செய்கிறீர்கள்?

சவர்க்கிணறு | இரவு 10.20
பாமசியில் கேட்டேன். இல்லையாம்.