கோலாலம்பூர் – திருச்சி: போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஆறரை மணி நேரமா?

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஜூலை மாதம் அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துச் செல்கிறேன். காலை 9.00 மணிக்குச் செப்பாங்கில் புறப்பட்டு 10.30-க்குத் திருச்சியில் இறங்குவதாகவும், திரும்பும்போது இரவு 11.30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.00-க்கு இங்கே வந்து சேர்வதாகவும் பயணச்சீட்டில் போட்டிருக்கிறது. தூரமோ ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் மூன்று மணி நேரம் வருகிறது. அம்மா காலை 7, மாலை 7 என்று தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்பவர். உண்மையான பயண நேரம் எவ்வளவு?

மறுமொழி: கிள்ளான் அண்ணன்

தம்பி, சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. எனவே முதலில் எல்லாவற்றையும் மலேசிய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்: திருச்சியின் 10.30 நமக்குப் பிற்பகல் 1.00, அங்கே இரவு 11.30 என்றால் இங்கே அதிகாலை 2.00. போக நான்கு மணி, வர நான்கு மணி. (1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தும்வரை இந்த வித்தியாசம் இரண்டு மணிதான்; பெரியவர்கள் சிலர் இன்னும் அந்தக் கணக்கையே சொல்வார்கள்.)

உங்கள் மூன்று மணிக் கணக்கு, விமானம் முழு வேகத்தில் நேர்கோட்டில் பறந்தால் மட்டுமே பொருந்தும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, வான்பாதையும் சற்று வளையும். தவிர, அட்டவணை நேரம் என்பது நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரத்தையும் சேர்த்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

மிக்க நன்றி அண்ணா. அப்படியானால் மாலை ஊசியைத் திருச்சியில் எத்தனை மணிக்குப் போடுவது?

மறுமொழி: ஓய்வுபெற்ற தாதி

நம் மாலை 7.00 மணிக்கு அங்கே 4.30 ஆகியிருக்கும். அதே இடைவெளியைத் தொடர்வதா, சிறிது சிறிதாக இந்திய நேரத்துக்கு மாற்றுவதா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே சொல்ல வேண்டும்; இரண்டு சீட்டுகளையும் அவரிடம் காட்டி, மருந்துகளைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கு அறையில் உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது. அம்மாவின் கைக்கடிகாரத்தை மட்டும் மலேசிய நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

நன்றி அக்கா. திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். இரண்டு நேரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிய தாளோடு போகிறேன்.