மாமியாரின் அயர்லாந்துப் பாட்டி: பிறந்த ஊர் பிடிபடவில்லை, உதவி தேவை

வடம்போக்கி எழுதியது:

என் கணவர் அமெரிக்கர். மாமியாருக்கு வரும் நவம்பரில் எண்பது முடிகிறது. அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி டீலியா, அயர்லாந்திலிருந்து தனியாகக் கப்பலேறி மாசசூசெட்ஸ் வந்தவர். 1962இல் இறந்தார். பிறந்தநாளுக்குள் பாட்டியின் ஊரைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். மூன்று மாதமாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் சொல்வது இவ்வளவுதான். பிறந்தது 1890 பிப்ரவரி 1, கார்க் மாவட்டம். 1909இல் நியூயார்க்கின் குடியேற்றச் சோதனை நிலையமான எல்லிஸ் தீவில் வந்து இறங்கினார். குடும்பப்பெயருக்கு முன்னால் இருந்த 'ஓ'வை அங்கிருந்த அதிகாரி வெட்டிவிட்டார். (குடும்பப்பெயரை இங்கே போடவில்லை, மேற்கு அயர்லாந்தில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும் பெயர்.) ஊரைப் பற்றி அவர் வாயே திறக்க மாட்டாராம். மழை பிடித்தால் மட்டும் ஜன்னலோரம் நின்று "ராஸ் முக்" என்று பெருமூச்சு விடுவாராம். ராஸ் என்பது ஊரில் விட்டுவந்த காதலன் என்று மாமியாரும் அவர் அண்ணன்மாரும் சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். தாத்தாவிடம் கேட்கப் பயம்.

இதுவரை செய்தது: அயர்லாந்து அரசின் இலவசத் தளமான ஐரிஷ் ஜீனியாலஜியில் டீலியா, கார்க், 1888 முதல் 1892 வரை என்று தேடினேன். பெற்றோர் பெயர் பொருந்தும் ஒன்றுகூட இல்லை. எல்லிஸ் தீவுப் பயணிகள் பட்டியலில் டீலியாக்கள் வரிசையாக வருகிறார்கள், ஒருவரும் நம்மவர் இல்லை. 1914 திருமணப் பதிவில் அப்பா ஜான், அம்மா ஹானர். இறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் நோரா! ஒரு கட்டணத் தளம் காட்டிய வம்சாவளியை நம்பி இரண்டு வாரம் வேறு யாரோ ஒருவருடைய பாட்டியின் பின்னால் அலைந்ததுதான் மிச்சம்.

எங்கே தப்பு செய்கிறேன்?

பழந்தாள் எழுதியது:

பெயரிலேயே தப்பு ஆரம்பித்துவிட்டது. டீலியா என்று அன்றைக்கு யாரும் பதிவு செய்ய மாட்டார்கள். அது பிரிஜெட்டின் செல்லப்பெயர், அதிலும் மேற்குப் பக்கம் மேயோ, கால்வே மாவட்டங்களில் அதிகம். நம் ஊரில் பாப்பா என்றே கூப்பிடப்பட்ட பாட்டிக்குப் பட்டாவில் விசாலாட்சி என்று இருப்பதைப் போல. பிரிஜெட் என்று தேடுங்கள்.

அந்தப் பிப்ரவரி 1 என்ன தெரியுமா? புனித பிரிஜிட் திருநாள். பிறந்த தேதி தெரியாதவர்கள் பெயருக்கு உரிய புனிதரின் நாளைப் பிறந்தநாளாக வைத்துக்கொள்வது உண்டு. ஆகவே அந்தத் தேதியைப் பிடித்துத் தொங்காதீர்கள். அமெரிக்கா வந்ததும் வயதில் இரண்டு மூன்றைக் குறைத்துக்கொள்வதும் சகஜம்.

ஹானரும் நோராவும் ஒரே ஆள். ஹானோரா என்ற பெயரின் இரண்டு சுருக்கங்கள்.

கார்க் என்பதிலும் எனக்குச் சந்தேகம். அமெரிக்கா போகும் கப்பல்களில் பெரும்பாலானவை நின்று ஆளேற்றிய துறைமுகம் கார்க் மாவட்டத்தில் உள்ள குயின்ஸ்டவுன், இன்றைய கோவ். "பாட்டி கார்க்கிலிருந்து கப்பல் ஏறினார்" என்பது இரண்டு தலைமுறையில் "பாட்டிக்குக் கார்க்" என்று ஆகிவிடும்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

எதற்கு இவ்வளவு பாடு? அயர்லாந்து ஆவணமெல்லாம் 1922இல் எரிந்துபோயிற்றே. டிஎன்ஏ பரிசோதனை எடுத்துவிட்டுப் போங்கள்.

பழந்தாள் எழுதியது:

எல்லாம் எரியவில்லை சார். 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி போனது உண்மை. 1861 முதல் 1891 வரையிலானவை தீயில் போகவில்லை. அரசாங்கமே அவற்றை அழித்தது, கடைசி இரண்டையும் முதல் உலகப்போர் காலத்தில் காகிதக் கூழாக்கிவிட்டார்கள். ஆனால் 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுசாக இருக்கின்றன, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். 1864 முதலான பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளும் தப்பின. இவர் தேடும் காலத்துக்கு எதுவும் குறைவில்லை.

டிஎன்ஏ எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மூன்றாம் பங்காளி நான்காம் பங்காளி என்று ஆளைக் காட்டும், ஊரைக் காட்டாது. அந்தப் பங்காளிக்கும் ஊர் தெரியாமல் இருந்தால் என்ன செய்வது?

இனிஷியல் எழுதியது:

அக்கா, நான் பாஸ்டன் பக்கம்தான் இருக்கிறேன். மாசசூசெட்ஸ் வந்தவர் ஏன் நியூயார்க்கில் இறங்க வேண்டும்? குனார்ட் கம்பெனியின் ஐவர்னியா, சாக்சோனியா இரண்டும் லிவர்பூலில் கிளம்பி, குயின்ஸ்டவுனைத் தொட்டு, நேராக பாஸ்டனுக்கே ஓடின. இங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் 'எல்லிஸ் தீவு' என்பது ஒரு பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஃபேமிலிசர்ச் தளத்தில் பாஸ்டன் பயணிகள் பட்டியல் தனியாக இருக்கிறது. கணக்கு மட்டும் தொடங்க வேண்டும், காசு இல்லை.

பெயரை அதிகாரி வெட்டினார் என்பதும் கதைதான். பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனி ஆட்கள், அதுவும் ஏறும் இடத்தில். இறங்கும் இடத்தில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. 'ஓ' அதற்கு முன்பே, ஊரிலேயே உதிர்ந்திருக்கும்.

குடும்பக் கதையை நம்பி மோசம்போனதற்குப் பெரிய உதாரணம் எல்லிஸ் தீவிலேயே இருக்கிறது. 1892 ஜனவரி 1 அன்று அங்கே முதலில் கால்வைத்தவர் ஆனி மூர், கார்க்கைச் சேர்ந்த பெண், இரண்டு தம்பிகளோடு நெவாடா என்ற கப்பலில் வந்தவர். அவர் டெக்சாஸ் போய் அங்கே டிராம் மோதி 1923இல் இறந்தார் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 2006இல் மேகன் ஸ்மோலின்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் தோண்டிப் பார்த்தால், டெக்சாஸ்காரர் வேறொரு ஆனி மூர், அமெரிக்காவிலேயே பிறந்தவர்! நிஜ ஆனி நியூயார்க்கை விட்டு எங்கும் போகவே இல்லை. பேக்கரியில் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் பெற்று, பாதிக்கு மேல் பறிகொடுத்து, 1924இல் இறந்து, குவீன்ஸில் பெயர்க்கல் இல்லாத குழியில் கிடந்தார்.

1909 பட்டியல் கிடைத்தால் இரண்டாம் பக்கத்தையும் புரட்டுங்கள். அப்போது ஒரு ஆளுக்கு இரண்டு தாள். முதல் தாளோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். 1907க்குப் பிறகு ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயர், டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார், கையில் எவ்வளவு பணம், யார் வீட்டுக்குப் போகிறார், பிறந்த இடம், கண் நிறம் வரை எழுதியிருப்பார்கள்.

கார்க்மழை எழுதியது:

நான் அயர்லாந்தில் நர்ஸ். ஒரு யோசனை: டீலியாவை விட்டுவிட்டு அவர் கூடப்பிறந்தவர்களைத் தேடுங்கள். யாரும் இங்கிருந்து சும்மா கிளம்பிவிட மாட்டார்கள். அக்கா முதலில் போவாள், வீட்டுவேலை செய்து டிக்கெட் அனுப்புவாள், அடுத்தவள் வருவாள். அந்த அக்காவின் மரண அறிவிப்பு பழைய பாஸ்டன் பத்திரிகையில் இருந்தால் கடைசி வரியைப் பாருங்கள். "இன்ன மாவட்டப் பத்திரிகைகள் எடுத்துப் பிரசுரிக்கவும்" என்று போடும் வழக்கம் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்குச் சேதி சேர அதுதான் வழி.

மாமியாரிடம் "பாட்டி எந்த ஊர்" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர் பதில் வைத்திருக்கிறார், அது தப்பு. எந்த மொழியில் ஜெபம் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்கு வருவார்கள், கல்யாணப் போட்டோவில் பக்கத்தில் நிற்பது யார் என்று கேளுங்கள்.

வடம்போக்கி எழுதியது:

உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்!

மாமியார் சொன்னது: ஜெபமாலை முழுக்க 'பாட்டி பாஷை'யில்தான், ஒரு சொல் புரியாது. கல்யாணப் போட்டோவில் இருப்பது அக்கா மேரி. மேரியின் மரண அறிவிப்பு 1938ஆம் வருடப் பத்திரிகையில் கிடைத்தது. கடைசி வரி: "கால்வே பத்திரிகைகள் எடுத்துப் பிரசுரிக்கவும்." கார்க் இல்லை!

பாஸ்டன் பட்டியலில் பிரிஜெட்டாகவே இருக்கிறார். 1909 மே. வயது 20, வீட்டுவேலை, டிக்கெட் எடுத்தது அக்கா, கையில் பத்து டாலர். 'ஓ' அங்கேயே இல்லை. ஊரில் உள்ள உறவு: அப்பா ஜான். அதற்குப் பக்கத்தில் கால்வே என்று தெளிவாக இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு சொல் கிறுக்கல். ரொ-ஸ்-ம-க் என்று படிக்கிறேன். கடைசி எழுத்து வால் மாதிரி இழுத்திருக்கிறது. யாராவது படித்துச் சொல்லுங்களேன்.

கார்க்மழை எழுதியது:

அக்கா, சிரிப்பை அடக்க முடியவில்லை. அது ரோஸ்முக். கால்வேக்கு மேற்கே கொனமாராவில், ஐரிஷ் பேசும் பகுதியில் இருக்கிற ஊர். 1916 கிளர்ச்சித் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் கோடைக்குப் போய்த் தங்கிய குடிசை இன்றும் அங்கே இருக்கிறது. ரோஸ் என்றால் தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் நிலம். முக் என்றால் பன்றி.

உங்கள் மாமியாரின் 'ராஸ்' ஆளே இல்லை!

வடம்போக்கி எழுதியது:

கடவுளே.

சரி, மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை, முதலில் உறுதிசெய்துகொள்கிறேன். 1901 கணக்கெடுப்பில் அந்தப் பகுதியில் ஜான் குடும்பத்தலைவராக, மனைவி ஹானராக, அதே குடும்பப்பெயரில் மூன்று வீடுகள். மூன்றிலும் ஒரு பிரிஜெட். ஒன்றில் மேரியும் உண்டு, ஆனால் அங்கே ஜானுக்கு 1901இல் 55 வயது, 1911இல் 71. பத்து வருடத்தில் பதினாறு வயது கூடுமா? வேறு ஆளோ என்று விட்டுவிட்டேன்.

பழந்தாள் எழுதியது:

விடாதீர்கள், அதுதான் வீடாக இருக்கும். 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கினார்கள், எழுபது ஆகியிருக்க வேண்டும். பிறப்புச் சான்று இல்லாத தலைமுறை அது. அயர்லாந்து முழுக்க அந்த இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில் கிழவர்கள் இப்படித்தான் தாவினார்கள். வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்கெடுப்பைப் பார்த்துச் சொல்லும்படி மனு போடுவார்கள். அந்த மனுக்கள்கூட டப்ளினில் பத்திரமாக இருக்கின்றன, எரிந்துபோன ஏட்டின் சில வரிகள் அவற்றில்தான் மிஞ்சியிருக்கின்றன.

மூன்று வீட்டில் எது என்பதற்கு, டீலியாவின் பிள்ளைகள் பெயரை வரிசையாகச் சொல்லுங்கள்.

வடம்போக்கி எழுதியது:

ஹானோரா, ஜான், மார்ட்டின், மேரி (என் மாமியாரின் அம்மா).

பழந்தாள் எழுதியது:

மூத்த பெண்ணுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், அதாவது ஹானர். வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். அப்படியானால் டீலியாவின் அப்பா பெயரான ஜான் இரண்டாவது மகனுக்கு வந்திருக்க வேண்டும். டீலியாவின் மாமனார் பெயரும் ஜானா என்று பாருங்கள். ஆமென்றால், மார்ட்டின் என்பது டீலியாவின் அண்ணனோ தம்பியோ. பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனிஷியல் எழுதியது:

கொனமாராவில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பதால் அப்பா பெயர், தாத்தா பெயர் சேர்த்தே கூப்பிடுவார்கள். நம்ம இனிஷியல் மாதிரியே. என் பெயர் வாழ்க.

வடம்போக்கி எழுதியது:

மாமனார் பெயர் ஜான்தான்! மார்ட்டின் என்ற பையன் அந்த 71 வயதுக்காரர் வீட்டில் மட்டும் இருக்கிறான்.

1901 தாளைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரரே எழுதியிருக்கிறார், கீழே ஜான் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி, கொஞ்சம் கோணலாக. ஹானருக்கு நேராக 'படிக்கத் தெரியாது', மொழி 'ஐரிஷ்' மட்டும். பிள்ளைகளுக்கு 'ஐரிஷும் ஆங்கிலமும்'. பிரிஜெட், வயது 13. 1911 தாளில் பிரிஜெட் இல்லை. பிறந்த பிள்ளைகள் 11, உயிரோடு இருப்பவர்கள் 8.

பிறப்புப் பதிவும் கிடைத்துவிட்டது: 1888 ஜனவரி. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் 1914 திருமணப் பதிவோடு பொருந்துகிறது. கப்பலில் ஒரு வயதும் பிற்பாடு இன்னொரு வயதும் குறைத்திருக்கிறார்.

பழந்தாள் எழுதியது:

சரியாகிவிட்டது. அந்த ஜனவரித் தேதியையும் கல்வெட்டாக நினைக்காதீர்கள். 42 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதித்தால் அபராதம். அதனால் பிறந்த தேதியைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு உபரிச் செய்தி: பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர் என்பதால் உங்கள் மாமியார் விரும்பினால் அயர்லாந்துக் குடியுரிமை கோரலாம். வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேடு என்று இருக்கிறது. மூன்று தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றுகள் அசலாக வேண்டும். உங்கள் கணவருக்குக் கிடையாது, அவர் பிறக்கும் முன்பே அம்மா பதிந்திருந்தால்தான் உண்டு.

கார்க்மழை எழுதியது:

பிறப்புப் பதிவில் ஊருக்குள் எந்த டவுன்லேண்ட் (ஊரின் சிறு உட்பிரிவு) என்று இருக்கும், அதை எனக்குத் தனியாக அனுப்புங்கள். அடுத்த மாதம் லீவில் கால்வே போகிறேன், இடத்தைப் படம் பிடித்து அனுப்புகிறேன். மழை நின்றால்.

வடம்போக்கி எழுதியது:

அனுப்பிவிட்டேன், கோடி நன்றி.

நவம்பர் வரை என்னால் பொறுக்க முடியவில்லை, நேற்று மாமியாரிடம் வரைபடத்தைக் காட்டிவிட்டேன். ரோஸ்முக் என்ற பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்படியானால் தாத்தாவைப் பார்த்துப் பார்த்து நாங்கள் அத்தனை வருஷம் பாவப்பட்டதெல்லாம்?"