ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானா?

கேள்வி: கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் 14 வருஷம் முடிந்ததும் தானாக வெளியே வரலாமா? விசாரணைக் கைதியாக இருந்த காலமும் கணக்கில் வருமா?

பதில் 1: தானாக வர முடியாது. ஆயுள் என்றால் உயிருள்ளவரை. 1961-லேயே கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றம் என்றால் 14 வருஷம் உள்ளே கழிக்காமல் தண்டனைக் குறைப்பில் விட முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 433ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் பிரிவு 475. விசாரணைக் காலச் சிறைவாசம் சேரும் (பிரிவு 468). ஜாமீனில் இருந்த நாட்கள் சேராது. நன்னடத்தைக்காகக் கழித்துத் தரும் நாட்களும் இந்த 14-ல் சேராது. பலர் தப்புக்கணக்குப் போடுவது இங்கேதான்.

பதில் 2: தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். "25 வருஷத்துக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது" என்று இருந்தால் கதையே வேறு. அப்படி விதிக்க உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே அதிகாரம் (ஸ்ரீஹரன் வழக்கு, 2015). அரசியலமைப்பின் 161-வது பிரிவில் ஆளுநருக்குள்ள மன்னிப்பு அதிகாரத்தை அது தொடாது.

பதில் 3: தண்டனைக் குறைப்பு மனு பெரும்பாலும் சிக்குவது, அரசு கேட்டுப் பெறும் தண்டித்த நீதிமன்றத்தின் கருத்தில். "குற்றம் கொடூரமானது" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் போதாது, காரணம் வேண்டும் என்று 2022-ல் ராம் சந்தர் வழக்கில் தீர்ப்பு வந்தது. அது நியாயம். குற்றத்தின் கொடூரம் என்றைக்கும் மாறாது. ஆள் மாறியிருக்கிறாரா, மறுபடி குற்றம் செய்வாரா என்பதைத்தானே பார்க்க வேண்டும்?